வக்ஃப் மசோதா: யார் என்ன பேசினார் என்று நாமே பார்க்கலாம்

வக்ஃப் திருத்த மசோதாவில் நம் எம்.பி. இப்படிப் பேசினார், அப்படி வாக்களித்தார் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி, பள்ளிவாசல் வாசலிலேயே சச்சரவு எழுகிறது. வந்த செய்தியைத் தீர விசாரிப்பது நம் மீது கடமை.

மக்களவை விவாதம் 2025 ஏப்ரல் 2 அன்று தொடங்கி நள்ளிரவு கடந்தும் நடந்தது. மாநிலங்களவையில் ஏப்ரல் 3. நாடாளுமன்றத்தின் 'சன்சத்' இணையதளத்தில் அவை, தேதி, உறுப்பினர் பெயர் கொண்டு விவாதங்களைத் தேடலாம். மக்களவையில் 288 பேர் ஆதரித்தனர், 232 பேர் எதிர்த்தனர். யார் எந்தப் பக்கம் என்பது பெயரோடு பதிவாகியிருக்கும்.

பழைய விவாதங்களைத் தேடும்போது கவனம்: 1995 சட்டத்தின் பெயரில் 'வக்ஃப்' என்பதை ஆங்கிலத்தில் 'கே' போட்டு எழுதினார்கள், 2013 திருத்தத்தில்தான் 'கியூ' ஆனது. இரண்டு விதமாகவும் தேடுங்கள். இந்தியில் பேசியது இந்தியிலேயே இருக்கும். ஆங்கிலச் சொல்லுக்கு அது அகப்படாது.

கூட்டுக்குழு விசாரணை வேறு. அது மூடிய அறையில் நடப்பது. 2025 பிப்ரவரி 13 அன்று அவையில் வைக்கப்பட்ட அறிக்கையும், உறுப்பினர்களின் மறுப்புக் குறிப்புகளுமே நமக்கு ஆதாரம். "குழுவில் இன்னார் இப்படிச் சொன்னார்" என்று யாராவது அனுப்பினால், அறிக்கையில் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படுவோர் அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகம் வாருங்கள். கல்லூரிப் பிள்ளைகளை வைத்துத் தேடித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.