வீட்டைச் சோதிக்க வர்றவர் யாரு? விசாரிச்சுட்டு பணம் கொடுங்க!

சென்னை,

புது பிளாட்டில் சாவி வாங்கும் முன் விரிசல், நீர்க்கசிவு, வயரிங்கைச் சோதிக்க ஆய்வாளரை அழைப்பவர்கள் உண்டு. இந்த வேலைக்கென்று நம் நாட்டில் அரசு லைசென்ஸ் கிடையாது. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம்.

"சர்டிபிகேட் இருக்கு" என்றால் போதாது. கொடுத்தது யார், தேர்வு வைத்தார்களா, பணம் கட்டினாலே கிடைக்குமா என்று கேளுங்க. தமிழகத்தின் 2019 கட்டிட விதிகளின்படி பதிவு பெற்ற என்ஜினீயரா என்று பாருங்க. பழைய அறிக்கையைக் காட்டச் சொல்லுங்க. "ரிப்பேரும் நானே செய்றேன்" என்பவரிடம் உஷார்!

பேங்க் என்ஜினீயர் மதிப்பு போடுவது கடனுக்காகத்தான். அதை நம்பி இருந்துவிடாதீங்க.

2016-ம் ஆண்டு ரெரா சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைத் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். அப்போது விவரம் தெரிந்தவர் எழுதிய அறிக்கைதான் கைகொடுக்கும்.