வளர்ப்புக் குடும்பமும் சட்டசபையும்

தாய் தந்தையர் உயிரோடிருந்தும், நோயாலோ சிறைவாசத்தாலோ குழந்தையைப் பேண இயலாத நிலை எக்குடும்பத்துக்கும் நேரலாம். சொந்த ஊரில் பாட்டியும் அத்தையும் இருக்கின்றனர். வங்காளத்தில் வந்து பிழைக்கும் தமிழருக்கோ, அவர்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கின்றனர். ஜாதவ்பூரில் இத்தகைய குழந்தை ஒன்று தனித்து நின்றால், குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரப்படும். தகுந்த குடும்பம் எதுவும் கிடைக்கவில்லையேல், அது போய்ச் சேருமிடம் ஓர் இல்லமே.

இல்லம் கடைசி வழியாகவே இருத்தல் வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் கொள்கை. அதன் 44-வது பிரிவு, குழந்தையைச் சிறிது காலம் வேறொரு குடும்பத்தில் வளர்க்க இடமளிக்கிறது. இது தத்து அன்று. பெற்றோர் வந்து பார்க்கலாம். அவர்கள் நிலை சீர்ப்பட்டதாகக் குழு கண்டால், குழந்தை வீடு திரும்பலாம். 2024-இல் வெளியான புதிய நெறிமுறைகளின்படி, மணமாகாதவரும் துணையை இழந்தவரும்கூடக் குழந்தையை ஏற்கலாம்.

இத்தனை இருந்தும் தடை எங்கே? சமூக ஊழியரும் அரசியல்வாதியும் பேசிக்கொள்ளும் முறையில் ஒரு பகுதி இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஊழியர் துயரத்தைச் சொல்கிறார், பிரதிநிதி, “அந்தக் குழந்தை யார்? பெயர் என்ன?” என்று வினவுகிறார். பெயரையும் படத்தையும் வெளியிடுவதை 74-வது பிரிவு தடுக்கிறது. குழந்தைக்கோ வாக்கும் இல்லை. ஆகவே, முகத்துக்குப் பதிலாகக் கணக்கைக் கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. பெற்றோர் உள்ள எத்தனை குழந்தைகள் மாவட்டத்தின் இல்லங்களில் உள்ளனர்? விண்ணப்பித்த குடும்பங்கள் எத்தனை? அவ்வீடுகளைப் பார்வையிட்டு அறிக்கை தர எத்தனை நாள் ஆயிற்று? இவற்றைச் சட்டசபையில் கேள்வியாக எழுப்பிவிட்டால், மந்திரி பதில் சொல்லியாக வேண்டும். அப்பதில் ஏட்டிலும் ஏறிவிடும்.

எவரிடம் செல்வது என்பதும் முக்கியம். ஜாதவ்பூர் என்ற பெயரில் லோக்சபைத் தொகுதியும் உண்டு, சட்டசபைத் தொகுதியும் உண்டு. சட்டத்தைத் திருத்துவது பார்லிமெண்டு. ராஜ்ய விதிகளும் ஊழியர் நியமனமும் ராஜ்ய சர்க்காரின் பொறுப்பு. மிஷன் வாத்ஸல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் ரூ. 4,000 உதவி உண்டு. செலவை மத்திய சர்க்காரும் ராஜ்யமும் 60-க்கு 40 என்று பகிர்கின்றன. எம்.எல்.ஏ.யிடம் சட்டத்திருத்தம் கேட்டு நிற்பது, மளிகைக் கடையில் ரயில் டிக்கெட் கேட்பது போன்றதே!

ஊழியரே அதிகாரத்தில் அமர்ந்த காலமும் உண்டு. ஜாதவ்பூரைச் சுற்றி அகதிக் காலனிகள் வேரூன்றிய நாட்களில், 1952 முதல் 1957 வரை மேற்கு வங்காளப் புனர்வாழ்வு மந்திரியாக இருந்த ரேணுகா ராய், அதற்கு முன்பே மாதர் இயக்கத்தில் உழைத்தவர். சென்னையில் சட்டசபை அங்கத்தினராயிருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1930-இல் ஒளவை இல்லத்தைத் தொடங்கினார். அவர்களுக்குத் தூதுவர் தேவைப்படவில்லை.

நம்மவர் அறிய வேண்டியது இன்னொன்று. குழந்தையின் நன்மைக்கு உகந்ததாயின், தமிழ்நாட்டிலுள்ள சொந்த மாவட்டக் குழுவைக் கலந்துகொண்டு அங்கே மாற்ற 95-வது பிரிவு வழி செய்கிறது. அதுவரை, தமிழ் பேசும் வீடொன்றில் இருப்பது குழந்தைக்கு எத்தனை ஆறுதல்! விருப்பமுள்ள குடும்பங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். ஆபத்திலுள்ள குழந்தையைக் கண்டால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் 1098.