லோவெல்: ஓர் அமெரிக்க ஆலைநகரின் வளர்ச்சியும் வீழ்ச்சியும்

ஐக்கிய அமெரிக்காவின் கைத்தொழில் வரலாற்றை ஆராய்வோர் தவிர்க்கவியலாத சிறு நகரங்களுள் ஒன்று லோவெல். மசாசூசெற்ஸ் மாநிலத்திலே, பொஸ்ரன் நகருக்கு வடமேற்கே, மெரிமாக் ஆற்றங்கரையில் அது அமைந்துள்ளது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அதன் மக்கள்தொகை 115,554. இந்நகரின் வரலாறு பொதுவாக ஒரு கதையாகவே கூறப்படுகின்றது: தீர்க்கதரிசனம் வாய்ந்த முயற்சியாளர் சிலர் அதனைத் தோற்றுவித்தனர், காலமாற்றத்தால் அது நலிந்தது, பின்னர் தன்முயற்சியால் மீண்டெழுந்தது. இக்கூற்றிலே நகரம் ஒரு தனிமனிதனைப் போல வாழ்வதும் தாழ்வதுமாகக் காட்சியளிக்கின்றது. அதனுள் இயங்கிய மூலதனமும் உழைப்பும் மறைந்துவிடுகின்றன. லோவெலை ஆக்கிய சக்தியும் அழித்த சக்தியும் ஒன்றே என்பதையும், அந்நகர் பற்றிய எழுத்தும் வர்க்கப் போராட்டத்தின் ஒரு களமாகவே இருந்துள்ளது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

நகருக்குப் பெயர் தந்த பிரான்சிஸ் கபொற் லோவெல் அந்நகரைக் கண்டவரல்லர். பொஸ்ரன் வணிகரான அவர் 1810 முதல் 1812 வரை பிரித்தானியாவில் தங்கி, அங்குள்ள ஆலைகளின் விசைத்தறிகளை உற்று நோக்கினார். இயந்திரங்களையோ அவற்றின் வரைபடங்களையோ வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதைப் பிரித்தானியச் சட்டம் தடைசெய்திருந்தமையால், கண்டவற்றை நினைவில் இருத்திக்கொண்டு திரும்பினார். போல் மூடி என்னும் பொறிவினைஞரின் துணையோடு வோல்ற்றம் என்ற இடத்தில் அவர் அமைத்த ஆலையில், 1814இல், பஞ்சு துணியாகும் வரையுள்ள படிமுறைகள் யாவும் ஒரே கூரையின் கீழ் நிகழலாயின. 1817இல் அவர் இறந்தார்.

வோல்ற்றத்தில் நீர்வலு போதாமையால், அவருடைய பங்காளிகள் மெரிமாக் ஆற்றின் போட்டக்கெற் நீர்வீழ்ச்சியை நாடினர். பெனக்கூக் என்னும் ஆதிக்குடிகள் நெடுங்காலமாக மீன்பிடித்துவந்த இடம் அது. ஆற்றுநீர் அங்கு ஏறத்தாழ 32 அடி தாழ்கின்றது. விவசாயிகளின் காணிகளையும், படகுப் போக்குவரத்துக்காக முன்னரே வெட்டப்பட்டிருந்த கால்வாய்க் கம்பனியின் பங்குகளையும் அவர்கள் வாங்கினர். 1822இல் மெரிமாக் உற்பத்திக் கம்பனி நிறுவப்பட்டது. மறுவருடம் முதற்றுணி நெய்யப்பட்டது. 1826இல் லோவெல் பட்டினமாகவும், 1836இல் மாநகராகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. 1830இல் 6,474 ஆக இருந்த மக்கள்தொகை 1850இல் 33,383 ஆயிற்று. நீர்வலுவைப் பகிர்ந்தளித்த கால்வாய்களைக் கரங்களால் தோண்டியவர்கள் அயர்லாந்துத் தொழிலாளர். கம்பனி கட்டிய செங்கல் வீடுகள் அவர்களுக்கென அமைந்தவையல்ல; அவர்கள் ‘ஏக்கர்’ எனப்பட்ட பகுதியிற் குடிசைகளமைத்து வாழ்ந்தனர்.

2

இவ்வாலைகளுக்கு வந்த பஞ்சு தென் மாநிலங்களில் அடிமைகள் விளைவித்தது. அங்ஙனம் வந்த பஞ்சின் ஒரு பகுதி முரட்டுத் துணியாக நெய்யப்பட்டு, அடிமைகளுக்கு உடுத்துவதற்கென அதே தோட்டங்களுக்கு விற்கப்பட்டது. இத்தகைய துணிக்கே ‘லோவெல்’ என்ற பெயர் தெற்கில் வழங்கிற்று. பஞ்சுக் கைத்தொழிலின் எழுச்சி அமெரிக்க அடிமைமுறையை வணிகச் சுரண்டல் முறையாக மாற்றியமைத்ததென மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்திற் குறிப்பிடுகின்றார். அவர் இங்கிலாந்தைக் கருதிக் கூறியது லோவெலுக்கும் பொருந்தும். சுதந்திர உழைப்பின் முன்மாதிரி எனப் போற்றப்பட்ட நகரம் அடிமை உழைப்பின் மேல் நின்றது என்பது மனங்கொளத்தக்கது.

3

ஆலைகளில் உழைத்தோருட் பெரும்பான்மையினர் நியூ இங்கிலாந்துக் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். வாரத்துக்கு எழுபது மணித்தியாலத்துக்கு மேல் வேலை. கம்பனி விடுதியில் வாசம். இரவு பத்து மணிக்குக் கதவடைப்பு. கட்டாய தேவாலய வழிபாடு. எனினும், அவர்கள் கையிற் சொந்த ஊதியம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் உழைத்து, ஒரே விடுதியில் உண்டு உறங்கியமை அவர்களிடையே ஒருமைப்பாட்டை வளர்த்தது. அவர்களைக் கண்காணிப்பதற்கென அமைந்த விடுதியே அவர்கள் கூடிச் சிந்திக்கும் களமுமாயிற்று. 1834இல் கூலிக்குறைப்பை எதிர்த்து ஏறத்தாழ 800 பெண்கள் வேலைநிறுத்தஞ் செய்து தோல்வியுற்றனர். 1836இல் விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து அதனினும் பெருந்தொகையினர் வெளியேறினர்; இம்முறை ஓரளவு வெற்றியும் கண்டனர்.

இலக்கிய மாணவரின் கவனத்தை ஈர்ப்பது இதன் பின் தோன்றிய இரு ஏடுகளின் முரண்பாடாகும். 1840 முதல் 1845 வரை வெளிவந்த ‘லோவெல் காணிக்கை’ ஆலைப் பெண்களே எழுதிய சஞ்சிகை. 1842இல் லோவெலுக்கு வந்த சார்ள்ஸ் டிக்கன்ஸ், விடுதிகளிற் பியானோ இருப்பதையும், பெண்கள் நூலகங்களுக்குச் சந்தா செலுத்துவதையும், இத்தகைய ஏடொன்றை நடத்துவதையும் வியந்து எழுதினார். தொழிலாளப் பெண் எழுதுகோலேந்தியமை முற்போக்கான நிகழ்வு என்பதில் ஐயமில்லை. ஆயினும், கூலியும் வேலைநேரமும் அவ்வேட்டில் இடம்பெறுதல் அரிதாயிற்று. எழுதும் உரிமை இருந்தது. எதை எழுதலாம் என்பதற்கு எல்லையும் இருந்தது.

இவ்வெல்லையை உடைத்தவர் சாரா பக்லி. ஆலை வாழ்வின் இன்பங்கள் பற்றி 1840இல் அதே ‘காணிக்கை’யில் எழுதியவர் அவரே என்பது குறிப்பிடத்தக்கது. தறிகளின் வேகமும் ஒருவர் பார்க்கவேண்டிய தறிகளின் தொகையும் கூடிய காலத்தில் அவரது நோக்கு மாறியது. லோவெல் பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய அவர், 1845இல் ‘காணிக்கை’யை முதலாளிகளின் ஊதுகுழலெனப் பகிரங்கமாகச் சாடினார். ‘கைத்தொழிலின் குரல்’ என்ற தொழிலாளர் பத்திரிகை அவருக்கும் அவர் தோழியருக்கும் களமாயிற்று.

அதே ஆண்டில், பத்து மணிநேர வேலைநாள் கோரி இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுக்களை மாநிலச் சட்டசபை விசாரித்தது. குழுவின் தலைவரான வில்லியம் சௌலர், முன்னர் ‘காணிக்கை’யை வெளியிட்டவர். மணிநேரத்தை வரையறுத்தல் சட்டசபையின் வேலையன்றென அவரது குழு முடிவுசெய்தது. வாக்குரிமையற்ற அப்பெண்கள் அவருக்கெதிராகப் பிரசாரஞ் செய்தனர். அடுத்த தேர்தலில் அவர் தோல்வியுற்றார். பெண்களுக்கும் சிறுவருக்கும் பத்து மணிநேரச் சட்டம் மசாசூசெற்சில் 1874இலேயே நிறைவேறிற்று.

4

உள்நாட்டு யுத்தம் 1861இல் மூண்டபோது லோவெல் கம்பனிகள் பல தம் பஞ்சுக் கையிருப்பை ஏறிய விலைக்கு விற்று, தொழிலாளரை ஆயிரக்கணக்கில் வெளியேற்றின. துணியை விடப் பஞ்சு இலாபந் தருமாயின் தறியை நிறுத்துவதே மூலதனத்தின் நியாயம். பின்னர் நிகழவிருந்ததற்கு இது ஒரு முன்னறிகுறி எனலாம்.

கிராமப் பெண்களின் இடத்தை ஐரிஷ்காரரும், கியூபெக்கிலிருந்து வந்த பிரெஞ்சு மொழியினரும், கிரேக்கரும், போலந்தினரும், போர்த்துக்கேயரும் அடுத்தடுத்து நிரப்பினர். புதிதாக வந்தோர் மலிவான உழைப்பாயினர். எனினும், 1912இல் அண்டை நகரான லோறன்சில் வெடித்த வேலைநிறுத்தம் லோவெலுக்கும் பரவி, பல மொழி பேசுவோரை ஓரணியில் திரட்டியது.

1920இல் மக்கள்தொகை 112,759. அதன்பின் சரிவு விரைந்தது. நீராவியும் மின்சாரமும் வந்தபின் நீர்வீழ்ச்சிக்கு முன்னைய மதிப்பில்லை. தென் மாநிலங்களிற் கூலி குறைவு, தொழிற்சங்கம் நலிவு. ஈட்டிய இலாபம் பழைய ஆலைகளைப் புதுப்பிக்கப் பயன்படாது பங்கிலாபமாக வெளியேறிற்று. 1920களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன; 1950களிற் பூற், மெரிமாக் ஆலைகளும் ஓய்ந்தன. 1922இல் இங்குப் பிறந்து, பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த ஜக் கெரொவாக்கின் நாவல்கள் சிலவற்றில், இவ்வாறு தளர்ந்துகொண்டிருந்த நகரின் வாழ்வு பதிவாகியுள்ளது.

5

1978இல் லோவெலின் கால்வாய்களும் ஆலைகளும் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கப்பட்டன. பூற் ஆலையின் தறிகள் சில இன்று பார்வையாளருக்காக ஓடுகின்றன. அதே காலத்தில் வாங் என்னும் கணனிக் கம்பனி நகரில் உயர்ந்த கோபுரங்களை எழுப்பிற்று. ‘மசாசூசெற்ஸ் அற்புதம்’ எனப் பேசப்பட்டது. 1992இல் அக்கம்பனி வங்குரோத்தாயிற்று. பல கோடி டொலர் செலவிற் கட்டிய கோபுரங்கள் 1994இல் 525,000 டொலருக்கு ஏலம் போயின. துணிக்கு ஒரு நூற்றாண்டு எடுத்தது கணனிக்குப் பதினைந்து ஆண்டுகளில் நிகழ்ந்தது. பொருள் மாறியது, விதி மாறவில்லை.

1980களில் கெமர் ரூஜ் கொடுமைக்குத் தப்பிய கம்போடிய அகதிகள் பெருந்தொகையாகக் குடியேறினர். மக்கள்தொகையிற் பெரும்பங்கினராகியும் மாநகரசபையில் அவர்கள் உள்ளிட்ட சிறுபான்மையினரின் குரல் அரிதாகவே ஒலித்தது. 2017இல் தொடரப்பட்ட வழக்கின் பயனாகத் தேர்தல் முறை மாற்றப்பட்டது. 2022இல் சொக்காரி சாவ் நகர முதல்வரானார். வாக்குரிமையற்ற ஆலைப் பெண்கள் தொடங்கிய பிரதிநிதித்துவப் போராட்டம் வேறு மக்களால், வேறு வடிவில் தொடர்கின்றது எனலாம்.

மூலதனத்துக்கு நகரம் தற்காலிகத் தங்குமிடம். உழைப்போருக்கு அது வாழ்விடம். லோவெலின் இருநூறாண்டு வரலாற்றின் அடிப்படை முரண்பாடு இதுவே. நூதனசாலையிற் காக்கப்படும் தறி அதனை இயக்கிய கைகளை நினைவூட்டலாம். அழகுப் பொருளாகி அவற்றை மறைக்கவுஞ் செய்யலாம். ‘காணிக்கை’யை மட்டும் வாசிப்போர்க்குக் கிடைப்பது பியானோ ஒலிக்கும் விடுதி. ‘கைத்தொழிலின் குரல்’ஐயும் சேர்த்து வாசிக்கும்போதே அவ்விடுதியில் வாழ்ந்தோர் என்ன கேட்டனர் என்பதும், அது எத்தனை ஆண்டுகள் மறுக்கப்பட்டது என்பதும் புலனாகின்றன. நகர வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டாவது ஏட்டைத் தேடிச் செல்லுதல் இன்றியமையாததாகும்.