தளவாய் முதல் திவான் வரை: திருவிதாங்கூரின் படை யார் கையில் இருந்தது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

இன்னைக்கு ஒரு பதவியோட கதையைப் பார்க்கப் போறோம். மேலோட்டமாப் பார்த்தா இது ஒரு பேர்ப் பட்டியல் மாதிரிதான் தெரியும். ஆனா உள்ளே ஒரு பெரிய கேள்வி இருக்கு: ஒரு நாட்டின் படை யார் சொல்லைக் கேட்கும்?

முதல்ல கொஞ்சம் தூரமாப் போயிட்டு வருவோம். மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்று ஒரு நாடு. 1983 ஆகஸ்ட் 8 அன்று அந்த நாட்டின் பாதுகாப்பு அமைச்சர் மெஹீயா விக்டோரெஸ், அதிபர் ரியோஸ் மோன்ட்டைக் கவிழ்த்துவிட்டுத் தானே ஆட்சியில் உட்கார்ந்தார். அந்த ரியோஸ் மோன்ட்டும் முந்தின வருஷம் ராணுவப் புரட்சியில் வந்தவர்தான். அதே மத்திய அமெரிக்காவில் இருக்கும் கோஸ்டா ரிகா வேற வழியில் போனது. 1948 டிசம்பர் 1 அன்று ராணுவத்தையே கலைத்தது. மறுவருஷம் அரசியல் சாசனத்திலும் அதை எழுதி வைத்தது.

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு கேட்கலாம். இந்த இரண்டு கதையும் வேறொரு ரூபத்தில் நம்ம நாஞ்சில் நாட்டு மண்ணிலும் நடந்திருக்கு. அங்கே பாதுகாப்பு அமைச்சர், இங்கே தளவாய்.

தளம் என்றால் படை. தளவாடம் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். மதுரை நாயக்கர் ஆட்சியில் தளவாய் என்பது படைத்தலைவர் பதவி. விசுவநாத நாயக்கர் காலத்து அரியநாத முதலியார் தளவாயாகவும் இருந்தார், பிரதானியாகவும் இருந்தார். அதாவது படை, நிர்வாகம் இரண்டும் ஒரே ஆள் கையில். திருமலை நாயக்கருக்கு ராமப்பய்யன். இன்னைக்கும் நம்ம தென்மாவட்டங்களில் தளவாய் என்று ஆளுக்குப் பேர் உண்டு, தளவாய் மாடன் என்று சாமியும் உண்டு. மக்கள் மனசில் அந்தப் பதவிக்கு அவ்வளவு கனம் இருந்திருக்கு.

இந்தப் பதவி திருவிதாங்கூரிலும் இருந்தது. மார்த்தாண்ட வர்மா 1729-ல் ஆட்சிக்கு வந்தார். தலைநகரம் நம்ம பத்மநாபபுரம். பிரபுக்களின் கையில் சிதறிக் கிடந்த அதிகாரத்தை ஒரு இடத்துக்குக் கொண்டுவந்த மன்னர் அவர். அதற்குத் துணையாக நின்றவர் ராமய்யன் தளவாய். 1737-லிருந்து 1756-ல் இறக்கும் வரை அவர்தான். போருக்குப் போனதும் அவர்தான், வரி, வியாபாரம் எல்லாம் பார்த்ததும் அவர்தான்.

1741-ல் குளச்சல் போர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். மன்னர் அவரையே தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார், பீரங்கி வார்க்க ஏற்பாடு செய்தார். படிப்படியாக உயர்ந்து 'வலிய கப்பித்தான்' ஆனார். பெரிய கேப்டன் என்று அர்த்தம். 1777-ல் இறந்தார். கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கு, தமிழிலும் லத்தீனிலும் எழுத்து வெட்டியிருக்கு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. படையைப் பழக்குகிறவர் கப்பித்தான். ஆனால் எங்கே போவது, யாரோடு சமாதானம், எவ்வளவு செலவு என்பதைச் சொல்வது தளவாய். டிலனாய் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் கஜானாச் சாவி அவர் கையில் இல்லை. குவாத்தமாலாவில் நடந்தது இங்கே நடக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

அடுத்து ராஜா கேசவதாஸ். இன்றைய குமரி மாவட்டத்தில் பிறந்த கேசவ பிள்ளை. 1789-ல் பதவிக்கு வந்தவர். தளவாய் என்ற பேர் திவான் என்று மாறியது இவர் காலத்தில்தான். வெறும் பேர் மாற்றம்தானே என்று விட்டுவிடக் கூடாது. தளவாய் படையின் மொழி. திவான் கணக்கின் மொழி. அதே வருஷக் கடைசியில் திப்பு சுல்தான் நெடுங்கோட்டையைத் தாக்கினார். திருவிதாங்கூர் ஆங்கிலேயக் கம்பெனியின் துணையை நாடியது. 1795-ல் ஒப்பந்தம் வந்தது. நாட்டைப் பாதுகாக்கக் கம்பெனிப் படை, அதற்கு வருஷா வருஷம் திருவிதாங்கூர் பணம் கட்டணும். பாதுகாப்பை வாடகைக்கு எடுத்த மாதிரி.

இந்த வாடகையில்தான் வேலுத்தம்பி சிக்கினார். கல்குளம் பக்கம் தலக்குளத்துக்காரர். 1799-ல் ஜயந்தன் நம்பூதிரியின் பணப் பறிப்புக்கு எதிராக மக்களைத் திரட்டித் திருவனந்தபுரத்துக்குப் போனவர். பிறகு அவரே பதவிக்கு வந்தார். பழைய தளவாய் என்ற பேரோடுதான் வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கு. நேர்மையானவர், தண்டனையில் ரொம்பக் கடுமையானவர். கஜானா காலி. செலவைக் குறைக்க 1804-ல் நாயர் படையினரின் படிகளில் கை வைத்தார். படை கிளர்ந்தது. தளவாயை நீக்கணும், கம்பெனி உறவை வெட்டணும் என்று தலைநகரை நோக்கி வந்தது. வேலுத்தம்பி கொச்சிக்குப் போய் ரெசிடென்ட் மெக்காலேயிடம் உதவி கேட்டார். கம்பெனிப் படையின் பலத்தோடு கலகம் அடக்கப்பட்டது.

உதவி சும்மா வருமா? 1805-ல் புது ஒப்பந்தம். கட்டவேண்டிய தொகை ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் ஆனது. தன் சொந்தப் படைக்குக் கொடுக்கக் காசில்லாமல்தான் கலகமே வந்தது. அந்தக் கலகத்தை அடக்கியதற்கு, அந்நியப் படைக்கு அதைவிடப் பெரிய பில். பாக்கி ஏற ஏற மெக்காலே நெருக்கினார். எந்தக் கம்பெனியை நம்பித் தன் படையை அடக்கினாரோ, அதே கம்பெனியை எதிர்த்து அதே படையைக் கூட்டவேண்டிய நிலைக்குத் தளவாய் வந்தார்.

1808 டிசம்பரில் கொச்சியில் ரெசிடென்ட் மாளிகை தாக்கப்பட்டது. 1809 ஜனவரியில் குண்டறை விளம்பரம். பிப்ரவரி 10 அன்று கர்னல் செயின்ட் லெஜர் படை நம்ம ஆரல்வாய்மொழி அரணை உடைத்து உள்ளே வந்தது. சில நாளில் உதயகிரியும் பத்மநாபபுரமும் விழுந்தன. வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் உடலையும் விடாமல் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள்.

அதன்பிறகு நடந்ததுதான் பதவியின் உண்மையான முடிவு. படையில் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. அரண்மனைக் காவலுக்கும் சடங்குகளுக்கும் சுமார் 700 பேர் மிஞ்சினார்கள். 1811-ல் ரெசிடென்ட் கர்னல் மன்றோவே திவானாகவும் ஆனார். கண்காணிக்க வந்தவரும் அவரே, கண்காணிக்கப்படுகிறவரும் அவரே! அவருடைய நிர்வாகச் சீர்திருத்தங்களைப் பாராட்டுகிறவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் படை பற்றி முடிவெடுக்கும் ஒரு உள்ளூர் நாற்காலி அதற்குப் பிறகு இல்லை. பின்னால் ஆள் எண்ணிக்கையைக் கூட்டினார்கள், 1830-ல் நாயர் பிரிகேட் என்று பேர் வைத்தார்கள். தலைமையில் ஐரோப்பிய அதிகாரிகள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் படை இந்திய ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9, 16-ஆம் பட்டாலியன்களாக ஆனது.

இப்போ கோஸ்டா ரிகாவை நினைச்சுப் பாருங்க. அங்கேயும் படை இல்லை, 1809-க்குப் பிறகு திருவிதாங்கூரிலும் பேருக்குத்தான் படை. வித்தியாசம் என்ன? அவங்க தாங்களே முடிவு எடுத்து, மிச்சமான காசைத் தங்களுக்கே செலவு பண்ணாங்க. இங்கே முடிவு எடுத்தது வேற ஆள், காசு கட்டினது நம்ம ஊர் விவசாயி.

வேலுத்தம்பியை வீரராகக் கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் ஆரல்வாய்மொழியில் விழுந்ததற்கு முன்னாடியே, 1805-ல் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே தளவாய் பதவி பாதி போய்விட்டது. தன் படைக்குத் தானே சம்பளம் கொடுக்க முடியாத அரசுக்குத் தளவாய் என்ற பேர் மட்டும்தான் மிஞ்சும்.

அந்தப் பக்கம் போனால் உதயகிரிக் கோட்டையை ஒருதடவை பார்த்துட்டு வாங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.