மலை இறங்கியும் காது திறக்கவில்லையா?

சேலம் கோரிமேட்டைத் தாண்டி, அடிவாரத்தில் கியரை மாற்றிக்கொண்டு பஸ் ஏறத் தொடங்கினால் ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவுகள் முடிவதற்குள் பலருக்குக் காது கும்மென்று அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்கினால் 'டப்' என்று திறக்கும். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். அந்த உயரத்தை எட்டுவதற்குள் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. செவிப்பறைக்குப் பின்னால், நடுக்காதில் அடைபட்டிருக்கும் காற்று மட்டும் சமவெளியின் அழுத்தத்திலேயே இருந்துகொண்டு பறையை வெளிப்பக்கம் தள்ளுகிறது. அடைப்பாக நாம் உணர்வது அதைத்தான்.

நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அதன் நீளம் சுமார் 35 மில்லிமீட்டர். 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய உடற்கூறியல் அறிஞர் யூஸ்டாக்கியின் பெயரால் அது யூஸ்டேக்கியன் குழாய். பெரும்பாலும் மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறக்கும். ஏறும்போது நடுக்காதில் மிகுந்துபோன காற்று தானே வழி விலக்கிக்கொண்டு வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் சங்கடம். வெளிக்காற்று தானாக உள்ளே போகாது. தசை இழுத்துத் திறந்துவிட வேண்டும். ஏற்காட்டில் குடித்து முடித்து இறுக மூடிய தண்ணீர் பாட்டிலை அடிவாரத்தில் எடுத்துப் பாருங்கள், பக்கங்கள் ஒடுங்கியிருக்கும். விழுங்காமல் தூங்கிக்கொண்டே இறங்குகிறவரின் செவிப்பறையும் அப்படித்தான் உள்ளே இழுபடுகிறது. வலி அதனால்தான்.

கைக்குழந்தைக்கு அந்தக் குழாய் இன்னும் குட்டை, படுக்கைவாட்டமாகவும் இருக்கும். திரும்பி வரும் பஸ்ஸில் திடீரென்று வீறிடும் குழந்தையை அதட்டாதீர்கள். பால் கொடுங்கள், உறிஞ்சி விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். பெரியவர்களுக்கு சூயிங்கம் போதும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதுவதானால் மெதுவாக ஊத வேண்டும். சளி பிடித்திருக்கும்போது முக்கி ஊதினால் பறைக்கும் உட்காதுக்கும் கேடு. கடுமையான சளி இருந்தால் மலைப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

இந்த அடைப்பு பெரும்பாலும் சில மணி நேரத்தில் விலகிவிடும். சளி இருந்தால் சில நாள் கூட ஆகலாம். அதனால் எந்த அடைப்பையும் "மலை ஏறினதில் அடைச்சுக்கிச்சு, தானா சரியாகிடும்" என்று விட்டுவிடுகிறோம். இந்த நினைப்புதான் எனக்குப் பயம் தருகிறது. ஏனென்றால் உட்காது நரம்பின் கேட்கும் திறன் திடீரென்று விழுந்துவிடுவதும் முதலில் வெறும் அடைப்பு போலத்தான் தெரியும். காலையில் எழுந்தால் ஒரு காது மந்தம், கூடவே 'ஙொய்' என்று இரைச்சல், சிலருக்குத் தலைசுற்றல். போனை அந்தக் காதில் வைத்த பிறகுதான் கேட்கவில்லை என்பதே உறைக்கும். 72 மணி நேரத்துக்குள் இப்படிக் கேட்கும் திறன் விழுவதை மருத்துவர்கள் அவசரமாகக் கருதுகிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரையோ, செவிப்பறை வழியே போடும் ஊசியோ முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். அதிலும் முதல் சில நாட்கள் பொன்னானவை. அந்த நாட்களைச் சொட்டு மருந்திலும் ஆவி பிடிப்பதிலும் கழித்துவிடக் கூடாது.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். வாயை மூடி 'ம்ம்' என்று முனகுங்கள். குரும்பியாலோ நடுக்காது அடைப்பாலோ வந்த மந்தம் என்றால் அடைத்த காதில்தான் சத்தம் பலமாகக் கேட்கும். நல்ல காதுப் பக்கம் போனால் நரம்பு பாதிப்பாக இருக்கக்கூடும், அன்றே கிளம்புங்கள். இது சந்தேகத்தைக் கிளப்ப மட்டும். முடிவு சொல்ல வேண்டியது காது, மூக்கு, தொண்டை மருத்துவரும் கேட்புத்திறன் சோதனையும்தான்.

காதுக்குள் ஓயாத அரிப்பு வேறு கதை. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவதும் பட்ஸ் போட்டுக் குடைவதும் நம் ஊரில் விடாத பழக்கங்கள். ஈரமும் எண்ணெயும் குடைந்த புண்ணும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மழைக்காலக் குளிரில் காது நனைந்தால் துண்டின் நுனியால் வெளிப்புறத்தை மட்டும் ஒற்றி எடுங்கள்.

காபித் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குப் பூச்சி காதுக்குள் புகுந்துவிடுவதும் உண்டு. உயிரோடு அது ஊரும்போது பறையை யாரோ பிறாண்டுவது போலிருக்கும். ஏற்கெனவே காதில் ஓட்டையோ சீழோ இல்லாதவர் ஒருக்களித்துப் படுத்து, சூடில்லாத தேங்காய் எண்ணெயைச் சில சொட்டு விட்டால் பூச்சி செத்துவிடும். எடுப்பது மருத்துவர் வேலை. ஹேர்பின்னால் நோண்டினால் இன்னும் உள்ளே போகும். குழந்தை காதுக்குள் போட்டுக்கொண்டது பட்டன் பேட்டரி என்றால் ஒரு சொட்டுகூட எதையும் ஊற்றாமல் உடனே ஓட வேண்டும். சில மணி நேரத்திலேயே அது உள்ளே அரித்துவிடும்.

நாடித்துடிப்போடு சேர்ந்து ஒரு காதில் மட்டும் இரைச்சல் கேட்டால் ரத்தக்குழாய்களையும் பார்க்கச் சொல்வார்கள், அலட்சியம் வேண்டாம். பெரியவர் ஒருவருக்கு ஒரு பக்க அடைப்பு வாரக்கணக்கில் நீடித்தால் மூக்கின் பின்புறத்தையும் சோதிக்க வேண்டும். அங்கே வளரும் கட்டியும் குழாயை அடைக்கும். காதில் ரத்தம், சீழ், காய்ச்சலோடு காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல் ஆகியவற்றுக்கு ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ கை கால் வலுவிழந்தாலோ பக்கவாதம் என்றே எண்ணி 108ஐ அழையுங்கள்.

முதல் உதவிக்கு ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. கேட்புத்திறன் சோதனை தேவைப்பட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்க வேண்டியிருக்கும். போகும்போது மந்தம் எந்த நாள், எந்த நேரத்தில் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சீட்டு போடும் இடத்திலேயே "திடீர்னு ஒரு காது கேட்கலை" என்று சொல்லுங்கள். "காது அடைப்பு" என்று மட்டும் சொன்னால் சாதாரண வரிசையில் உட்கார வைத்துவிடக்கூடும்.