முயல் பிடிபட்ட ஊர்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் திருப்புமுனை எது என்று கேட்டால், பெரும்பாலோர் கெட்டிஸ்பர்க் என்பார்கள். 1863 ஜூலையில் மூன்றே நாளில், மாண்டவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் என்று இரு தரப்பிலும் ஏறத்தாழ 51,000 பேரை இழக்கவைத்த சண்டை அது. பேர் வாங்கியதில் வியப்பில்லை. ஆனால், அங்கே தோற்ற தென்தரப்புத் தளபதி ராபர்ட் லீ மிஞ்சிய படையோடு வர்ஜீனியாவுக்குத் தப்பிவிட்டார். மேலும் ஏறத்தாழ இரண்டு வருடம் தாக்குப்பிடிக்கவும் செய்தார்.

கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்த மறுநாள், ஜூலை 4 அன்று, மேற்கே தென்தரப்பின் விக்ஸ்பர்க் விழுந்தது. தெற்கின் இடுப்பை ஒடித்தது இதுதான்.

மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய மேட்டில் இருந்தது அந்த ஊர். மேலே பீரங்கிகள், கீழே ஆறு. வடதரப்புக் கப்பல்கள் நிம்மதியாகக் கடக்க முடியாது. வடதரப்புத் தளபதி கிராண்ட் பல மாதம் முட்டிப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் படையை மேற்குக் கரையோரமாகத் தெற்கே நடத்திப் போனார். ஏப்ரல் 16 இரவு, பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே கப்பல்கள் ஊரைத் தாண்டின. அவற்றில் ஏறி ஆற்றைக் கடந்த படை, கிழக்கிலிருந்து வந்து ஊரை வளைத்தது.

நேரடித் தாக்குதல் இரண்டு முறை தோற்றதும் முற்றுகைதான் வழி என்றானது. 47 நாள். குண்டுக்குப் பயந்து மக்கள் குன்றைக் குடைந்து குகைகளில் குடியேறினார்கள். கோவேறு கழுதைக் கறி விற்பனைக்கு வந்தது. காகிதம் தீர்ந்துபோக, உள்ளூர்ப் பத்திரிகை சுவரில் ஒட்டும் பூப்போட்ட தாளின் பின்பக்கத்தில் அச்சானது. அதன் ஆசிரியருக்குக் குசும்பு மட்டும் தீரவில்லை. ஜூலை 4 விருந்தை விக்ஸ்பர்க்கில்தான் சாப்பிடுவேன் என்கிறாராமே கிராண்ட், முயல் கறி சமைக்க முதலில் முயலைப் பிடிக்க வேண்டாமா என்று ஜூலை 2 இதழில் கிண்டலடித்தார். ஊருக்குள் நுழைந்த வடதரப்பு வீரர்கள், அச்சுக்குக் கோத்த எழுத்து அப்படியே இருக்கக் கண்டு, முயல் பிடிபட்டுவிட்டது என்று ஒரு குறிப்பைச் சேர்த்து அச்சடித்தார்கள்.

சரணடைந்தவர்கள் சுமார் 29,500 பேர். ஐந்து நாளில், ஆற்றில் தெற்கிடம் எஞ்சியிருந்த கோட்டையான போர்ட் ஹட்சனும் பணிய, ஆறு முழுவதும் வடக்கின் கைக்கு வந்தது. டெக்சாஸ், ஆர்கன்சாஸ் பக்கத்து ஆளும் மாடும் தானியமும் கிழக்கே போக வழியில்லாமல் போனது.

இதனால் போர் முடிந்துவிடவில்லை. அது இழுத்துக்கொண்டே போக, 1864 ஆகஸ்டில், வரும் தேர்தலில் தோற்றுவிடுவோம் என்றே அதிபர் லிங்கன் எண்ணினார். அதை ஒரு தாளில் எழுதி மடித்து, படிக்கவிடாமலே அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கி வைத்தார். பத்தே நாளில் வடதரப்புத் தளபதி ஷெர்மனின் படை தெற்கின் அட்லாண்டா நகரைப் பிடித்தது. அந்த வெற்றி காற்றைத் திருப்ப, நவம்பரில் லிங்கன் வென்றார்; அடுத்த ஏப்ரலில் லீ சரணடைந்தார், விக்ஸ்பர்க்கை வென்ற அதே கிராண்டிடம்.