வாசல் வரை வரும் பார்சல்: உங்களுக்குத் தெரியுமா?

ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரு பொருள் நம் ஊர்க் கிடங்குக்கு வந்துவிடும். அங்கிருந்து நம் வீட்டு வாசலுக்கு வரும் சில கிலோமீட்டர்தான் அனுப்பும் செலவில் கிட்டத்தட்ட பாதியைத் தின்றுவிடுகிறது. லாரியில் ஒன்றாக வந்த பெட்டிகள் கடைசியில் ஆளுக்கொரு தெரு, ஆளுக்கொரு மாடி என்று பிரிந்துபோவதுதான் காரணம். சரக்குத் துறையில் இந்தக் கடைசித் தூரத்தைக் 'கடைசி மைல்' என்பார்கள். உலகப் பொருளாதார மன்றம் 2020-இல் ஒரு கணக்குப் போட்டது. இப்படியே விட்டால் 2030-க்குள் உலகின் 100 பெரிய நகரங்களில் டெலிவரி வண்டிகள் 36 சதவீதம் கூடும். அவை கக்கும் கரியமில வாயு 32 சதவீதம் கூடும். வேலைக்குப் போய்வரும் ஒவ்வொருவருக்கும் தினமும் 11 நிமிடம் கூடுதலாகச் சாலையில் கழியும். ஆன்லைனில் எதுவுமே வாங்காதவருக்கும் அந்த 11 நிமிடம் உண்டு.

*

வீட்டில் ஆள் இல்லை என்றால் பார்சல் என்ன ஆகும்? திரும்பிப் போகும், மறுபடி வரும். ஜப்பானில் இந்த மறுபடி வருகை ஒரு தேசியப் பிரச்சினை. அங்கே யமாட்டோ நிறுவனம் 1976 ஜனவரியில் வீட்டுக்கு வீடு பார்சல் சேவையைத் தொடங்கியபோது முதல் நாள் கிடைத்தவை வெறும் 11 பார்சல்கள். இன்று எல்லா நிறுவனங்களும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 500 கோடி பார்சல்களைக் கொண்டு சேர்க்கின்றன. மறுபடி கொண்டுவரக் கட்டணம் கிடையாது என்பதால் வாங்குபவருக்கு அதன் விலை தெரிவதில்லை. ஜப்பானின் போக்குவரத்து அமைச்சகம் 2015-இல் அந்த விலையைக் கணக்கிட்டுச் சொன்னது: ஏறக்குறைய ஐந்தில் ஒரு பார்சல் மறுபடி அலைகிறது, அதற்காக வீணாவது ஆண்டுக்கு 90,000 ஓட்டுநர்களின் உழைப்பு, காற்றில் சேர்வது 4.2 லட்சம் டன் கரியமில வாயு.

அதன் பிறகு அங்கே பல மாற்றங்கள். ரயில் நிலையங்களில் லாக்கர்கள் வந்தன. ஆள் இல்லாவிட்டால் வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லும் பழக்கமும் பரவியது. மறுபடி வருகை வெகுவாக இறங்கியிருக்கிறது. 2017-இல் யமாட்டோ செய்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: நேரம் குறித்துத் தரும் சேவையில் மதியம் 12 முதல் 2 வரையிலான நேரத்தையே எடுத்துவிட்டார்கள். ஓட்டுநர்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காக.

*

பெட்ரோல் வண்டியை மின்சார வண்டியாக்குவது அவசியம்தான். ஆனால் வீண் நடையைக் குறைப்பது அதைவிட முதல் வேலை என்பது என் கட்சி. மின்சார வண்டியும் போக்குவரத்து நெரிசலில் நிற்கும். அதற்கும் நிறுத்த இடம் வேண்டும். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று வாங்குவதைச் சேர்த்து ஒரே நாளில் வரவழைத்தால், எந்த எரிபொருளும் மாறாமலே ஒரு நடை மிச்சம்.

*

அமெரிக்காவின் யூ.பி.எஸ். பார்சல் நிறுவன ஓட்டுநர்கள் முடிந்தவரை இடது பக்கம் திரும்புவதில்லை. அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுவதால், இடது திருப்பத்துக்கு எதிரே வரும் வண்டிகளுக்காக எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். விபத்து அபாயமும் அங்கேதான் அதிகம். இதையும் சேர்த்து வழி வகுக்கும் கணினி முறையால் ஆண்டுக்கு 1 கோடி காலன் எரிபொருள் மிச்சம் என்கிறது அந்த நிறுவனம். வண்டிகள் இடப்புறம் ஓடும் நம் ஊரில் தவிர்க்க வேண்டியது வலது திருப்பம்.

*

லண்டனில் வேனைவிட மிதிவண்டி வேகம். வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நகர மையத்தில் வேன் ஒரு மணி நேரத்தில் 6 பார்சல் தருகிறது. மின்மோட்டார் உதவியுடன் மிதிக்கும் சரக்கு மிதிவண்டி 10 தருகிறது. டீசல் வேனோடு ஒப்பிட்டால் கரியமில வாயு 90 சதவீதம் குறைவு. நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம், சந்துக்குள்ளும் நுழையலாம். வேகத்தின் ரகசியம் அவ்வளவுதான்.

*

நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம் உள்ளிட்ட பல நகரங்களின் மையப் பகுதிக்குள், 2025 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் வேன் புகை விடாததாக இருந்தால்தான் நுழையலாம். பழைய வேன்களுக்குப் படிப்படியாக அவகாசம் உண்டு. அதே நாட்டின் யூட்ரெக்ட் நகரில் கால்வாயோர உணவகங்களுக்குப் பீர் பீப்பாய்களும் மற்ற சரக்குகளும் படகில் போகின்றன. கரையோரத் தெருவுக்கு அடியில் பழங்கால நிலவறைகள் இருப்பதால் கனரக லாரிகளை அது தாங்காது. 1996-இல் தொடங்கிய இந்தப் படகுச் சேவையில் 2010 முதல் மின்சாரப் படகும் ஓடுகிறது.

*

தெருமுனைக் கிடங்கிலிருந்து நிமிடங்களில் மளிகை அனுப்பும் இடங்கள், கடையா கிடங்கா? பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2023 மார்ச்சில் கிடங்குதான் என்று தீர்ப்பளித்தது. குடியிருப்புகளுக்குக் கீழே அவற்றை அனுமதிக்கலாமா என்று முடிவு செய்யும் பிடி பாரிஸ் மாநகராட்சிக்குக் கிடைத்தது. இந்தக் கேள்வியை நம் மாநகராட்சிகளும் கேட்க வேண்டும்.

*

பொட்டலக் குப்பையே இல்லாத டெலிவரி இந்தியாவில் 1890 முதல் நடக்கிறது. மகாதேவ் ஹாவாஜி பச்சே தொடங்கிய மும்பை டப்பாவாலாக்களின் சேவைதான் அது. கொரோனாவுக்கு முன்பு சுமார் 5,000 பேர் நாளொன்றுக்கு 2 லட்சம் சாப்பாட்டு டப்பாக்களைக் கொண்டுபோனார்கள். ஒருவர் வீட்டில் எடுப்பார், ரயில் நிலையத்தில் இன்னொருவர் பிரிப்பார், அலுவலகத்தில் மூன்றாமவர் தருவார். மூடியில் எழுதிய நிறமும் எண்ணும் எழுத்துமே முகவரி. தூரத்தைப் புறநகர் ரயில் கடத்திவிடும். மிச்சத்துக்குச் சைக்கிளும் கால்களும். மதியத்துக்குப் பின் காலி டப்பா அதே வழியில் வீடு திரும்பும். அட்டைப்பெட்டி, காற்றுக்குமிழ் உறை, டேப் எதுவும் கிடையாது. 2020 ஊரடங்கில் ரயில் ஓடாத மாதங்களில் இந்தச் சேவை முடங்கிக் கிடந்தது. சாலை வண்டிகளைக் குறைக்கப் பொதுப் போக்குவரத்து எவ்வளவு தேவை என்பதை அந்த மாதங்கள் காட்டின.

*

ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. அது ஓர் அஞ்சலகத்தின் எல்லை வரைதான் கொண்டுவந்து விடும். அதற்குப் பிறகு "பிள்ளையார் கோயில் தாண்டி, பச்சை கேட்" என்று போனில் வழி சொல்கிறோம். 2025-இல் அஞ்சல் துறை வெளியிட்ட 'டிஜிபின்', நாட்டையே ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து-எண் கொண்ட குறியீடு தருகிறது. கதவு எண் ஒழுங்கில்லாத புறநகரில் ஓர் ஊழியர் வண்டியைத் திருப்பித் திருப்பி அலைவது இதனால் குறையலாம்.

*

நம் நாட்டில் டெலிவரி வண்டிக்குப் பெட்ரோல் போடுவது யார்? பெரும்பாலும் ஓட்டுபவர்தான், தன் சொந்தக் காசில். வண்டியும் அவருடையது, தவணையும் அவருடையது. அதனால் மின்சாரத்துக்கு மாறும் சுமையை அவர் தோளிலேயே போடுவது நியாயமாகாது. டெல்லி 2023-இல் கொண்டுவந்த திட்டம், டெலிவரி நிறுவனங்களின் வண்டிகள் அனைத்தும் 2030 ஏப்ரல் 1-க்குள் மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்று நிறுவனங்களுக்கே கெடு வைத்தது. தமிழ்நாடு 2025-26 பட்ஜெட்டில் இணையம் சார்ந்த சேவைப் பணியாளர்கள் 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்கத் தலா ₹20,000 மானியம் அறிவித்தது. நல்ல தொடக்கம்தான், ஆனால் சென்னையின் ஒரு பகுதி ஊழியர்களுக்குக்கூட 2,000 காணாது. நிதி ஆயோக் கணக்கில், 2020-21-இல் 77 லட்சமாக இருந்த இந்தியாவின் 'கிக்' தொழிலாளர்கள், அதாவது நிரந்தர வேலையின்றி வேலைக்கு வேலை கூலி பெறுபவர்கள், 2029-30-இல் 2.35 கோடி ஆவார்கள்.

*

சென்னை அண்ணா நகரில் 2025-இல் மாநகராட்சி, டெலிவரி ஊழியர்களுக்கென்று ஏசி ஓய்வறை திறந்தது. கழிப்பறை, செல்போன் சார்ஜ் வசதி, வண்டி நிறுத்த இடம் எல்லாம் உண்டு. அடுத்த ஆர்டர் வரும்வரை மரத்தடியிலும் கடை வாசலிலும் நின்றவர்கள் இப்போது அங்கே உட்காரலாம். அக்கினி நட்சத்திர வெயிலில் வண்டி ஓட்டும் பெண்களுக்குக் கழிப்பறை ஒன்றே பெரிய உதவி. வேளச்சேரி, போரூர், பழைய மாமல்லபுரம் சாலை என்று ஆர்டர் குவியும் ஒவ்வொரு பகுதிக்கும் இப்படி ஒன்று வேண்டும், மின்வண்டி சார்ஜ் செய்யும் வசதியோடு.